பருத்திப்பாலில் பி.டி. மரபணு

மதுரையில் சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் கொதிக்கத் தொடங்கிவிடும். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவைக் கரைத்து, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிச் சேர்த்து, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது, நெஞ்சுக்கு இதம் என்று சொல்லிக் குடிக்கிற பானம் அது. ‘மரபணு மாற்றிய எதையும் வாயில் வைக்க மாட்டேன்’ என்பவர்களும் ரசித்துக் குடிக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் கொட்டையைத் தேடிப்பிடித்து வாங்கினால் ஒழிய, அந்த டம்ளரில் இருப்பது பெரும்பாலும் மரபணு மாற்றப் பயிரின் கொட்டையாகத்தான் இருக்கும்.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயப்படுவதற்கு முன்னால், அந்தக் கொட்டைக்குள் என்னதான் நுழைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச்சுருக்கம்: பாசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ். ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துவிழக் காரணம் தேடியபோது, 1901-ல் இஷிவாதா என்ற ஆய்வாளர் இதைக் கண்டார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிஞ்ஜியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து எர்ன்ஸ்ட் பெர்லினர் இதைப் பிரித்தெடுத்தார். ஊர்ப்பெயரே பாக்டீரியாவுக்கும் ஒட்டிக்கொண்டது. 1938-லிருந்து பிரான்சில் இதைப் பூச்சிக்கொல்லியாக விற்றார்கள். இன்றும் இயற்கை விவசாயிகள் அனுமதியோடு தெளிக்கும் பொருள்களில் பி.டி. கரைசலும் ஒன்று.

இந்த பாக்டீரியா ‘க்ரை’ என்ற வகைப் புரதங்களைப் படிகமாகச் செய்து வைத்திருக்கிறது. புழு அதைத் தின்றால், அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் படிகம் கரையும். குடல் நொதிகள் புரதத்தை நறுக்கி வீரியப்படுத்தும். பிறகு அது குடல்சுவரில் தனக்கேற்ற ஏற்பியைத் தேடி ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். புழு தீனியை நிறுத்தி, சில நாளில் செத்துப்போகும். நம் இரைப்பையில் இருப்பதோ அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஏற்பியும் நம் குடலில் கிடையாது. போதாததற்கு, பருத்திப்பால் போலக் கொதிக்கவைத்தால் புரதத்தின் வடிவமே குலைந்துவிடும்.

விஞ்ஞானிகள் செய்தது, இந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள் வைத்ததுதான். அதற்கு அக்ரோபாக்டீரியம் என்ற இன்னொரு மண் பாக்டீரியாவை வேலைக்கு எடுத்தார்கள். தன் மரபணுத் துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகுவது அதற்குப் பிறவிக்குணம். யார் ஏவலும் இல்லாமல் அது செய்த வேலைக்குச் சாட்சி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நாம் பயிரிடும் சர்க்கரைவள்ளியில் அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் காலங்காலமாக இருந்துவருகின்றன என்று 2015-ல் தெரியவந்தது. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் அந்தக் கிழங்கு இயற்கையே மரபணு மாற்றிக் கொடுத்தது.

பருத்தி எப்படியோ வந்துவிட்டது. கத்தரிக்காய்க்குத்தான் பெரிய சண்டை. கத்தரிக்கு இந்த மரபணு ஏன் தேவைப்பட்டது என்று புரிய, புழு விழுந்த கத்தரி ஒன்றை நறுக்கிப் பாருங்கள். வெளியே காய் பளபளவென்று இருக்கும். காம்பின் தொப்பிக்கு அடியில் ஊசிமுனையளவு துளை, அதையும் புழு தன் எச்சத்தாலேயே அடைத்திருக்கும். உள்ளே சதை பழுப்பேறிச் சுரங்கம் சுரங்கமாகப் போக, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என்பார்கள். உள்ளே போய்விட்டால் அதன்மேல் மருந்து படாது. எனவே முட்டையிலிருந்து வெளிவந்து காய்க்குள் நுழைவதற்குள் கொன்றாக வேண்டும் என்று விவசாயி ஓயாமல் மருந்தடிக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை அடிப்பவர்கள் உண்டு. அடித்த மறுநாளே காய் பறித்துச் சந்தைக்கு அனுப்புவதும் நடக்கிறது.

இந்தப் புழுவுக்கு எதிராகத்தான் மஹிகோ விதை நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்து, கோ-2, எம்.டி.யு.-1 முதலான தன் ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்தது. 2009 அக்டோபர் 14-ல் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கொல்கத்தா முதல் பெங்களூரு வரை ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். பட்டியலில் சென்னை இல்லை. 2010 பிப்ரவரி 9-ல் தடை அறிவித்தார். அது இன்னும் விலகவில்லை. பக்கத்து வங்கதேசம் அதே மரபணுவுக்கு 2013-ல் அனுமதி தந்து, மறு ஆண்டு ஜனவரியில் 20 விவசாயிகளிடம் நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது.

தடை கோரியவர்கள் எல்லோரும் விவரமில்லாதவர்கள் அல்ல. பரிசோதனைகளில் பெரும்பகுதி விற்கப்போகும் நிறுவனமே நடத்தியவை என்ற குறை நியாயமானது. ஒவ்வாமை பற்றிய அச்சமும் வெறுங்கற்பனை கிடையாது. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தபோது, அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்பது 1996-ல் நிரூபணமாகி, சந்தைக்கு வரும் முன்பே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். சோதனை ஒழுங்காக நடந்தால் ஆபத்து முன்கூட்டியே பிடிபடும் என்பதற்கும் இதுவே உதாரணம். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமிகளின் 2016 அறிக்கை, இதுவரை விற்பனையில் உள்ள மரபணு மாற்ற உணவு மற்ற உணவைவிட உடலுக்குக் கெடுதல் என்பதற்குச் சான்று இல்லை என்றது.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டிய இடம் வயிறு அல்ல, வயல். பி.டி. பருத்தி விதை 450 கிராம் பாக்கெட்டோடு, 120 கிராம் சாதாரண விதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓரமாக அதை விதைத்தால் நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் அங்கே பிழைத்திருக்கும், எதிர்ப்புச்சக்தி பரவுவது தாமதப்படும் என்பது கணக்கு. இரண்டு ஏக்கர்க்காரர் புழுவுக்கென்று நிலம் ஒதுக்குவாரா? பெரும்பாலோர் விதைக்கவில்லை. விளைவு, இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தையும் ஜெயித்து, இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் ஜெயித்துவிட்டது. விவசாயி மறுபடி மருந்துக்கடைக்குப் போகிறார். விதைக்கும் ஆண்டுதோறும் கடைக்கே போகிறார். விதை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை எந்த ஆய்வகமும் தீர்த்துவைக்காது.

இதெல்லாம் தெரியாமல் நம் பயம் வேறெங்கோ அலைகிறது. ரெட் லேடி பப்பாளி, விதையில்லாத் திராட்சை, ஹைபிரிட் தக்காளி, பிராய்லர் கோழி எல்லாமே ‘ஜீன் மாத்தினது’ என்கிறார்கள். எதுவும் இல்லை. இவையெல்லாம் தேர்ந்தெடுத்தும் கலந்தும் பெருக்கியவை. நம் அடுப்படிக்குள் மரபணு மாற்றப் பயிர் வருவது பெரும்பாலும் எண்ணெய் வழியாகத்தான்: இங்கே ஆட்டிய பருத்திவிதை எண்ணெய், அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் இருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெய். அதிலும், சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ மிஞ்சுவதே அரிது.

அப்படியானால் அந்த எண்ணெயால் கெடுதல் இல்லையா? உண்டு. அது மரபணுவால் வருவது அல்ல, அளவால் வருவது. இந்தியாவின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குத் தவறான உணவுமுறையே காரணம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 2,000 கலோரி தேவைப்படும் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்புவகை சாப்பிட வேண்டும். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். நம் வீட்டு இலையில் சோறு மலையாகவும் காய் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் கிடக்கிறது. கத்தரிக்குள் எந்த மரபணு என்று பட்டிமன்றம் நடத்துகிற நாம் கத்தரியையே போதுமான அளவு தின்பதில்லை.

பூச்சிமருந்து பற்றிய பயம் மட்டும் நிஜமானது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேல்பூச்சு ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. அதனால் ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். கீரை, அவரை, சுரை, பூசணி, முருங்கை என்று பருவத்துக்கு வருவதை எடுங்கள். ஓரத்தில் புழு அரித்த கத்தரியை ஒதுக்காமல், அரித்த இடத்தை வெட்டிப்போட்டுச் சமையுங்கள். வாங்குபவர் மாசுமருவற்ற காயே கேட்கும்வரை, விற்பவர் மருந்து அடித்துக்கொண்டுதான் இருப்பார்.

எண்ணெய்க்கு அந்த ஊட்டச்சத்து வழிகாட்டி வகுத்த அளவு நாளுக்கு 27 கிராம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டரே அதிகபட்சம். போன மாத மளிகை பில்லை எடுத்து, எத்தனை பாக்கெட் வாங்கினீர்கள் என்று பாருங்கள்.