செங்குத்துப் பள்ளத்தாக்கு இறக்கம்

செங்குத்துப் பள்ளத்தாக்கு இறக்கம் அல்லது கேன்யனிங் என்பது, ஓடும் நீர் பாறையை அறுத்து உருவாக்கிய ஆழமான, குறுகிய இடுக்கின் மேல்முனையில் நுழைந்து, நடந்தும் தவழ்ந்தும் நீந்தியும் கயிற்றில் இறங்கியும் கீழ்ப்பகுதியில் வெளியேறும் சாகச விளையாட்டு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது கேன்யனியரிங் எனப்படுகிறது. மலையேறுபவர் களைத்தால் பெரும்பாலும் வந்த வழியே திரும்பலாம். இதிலோ முதற்கயிற்றை உருவிய பின் திரும்புவது அரிது.

நிலவமைப்பு

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் உள்ள மணற்கல் இடுக்குகள் இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள நவாகோ மணற்கல், ஜுராசிக் காலப் பாலைவன மணல்மேடுகள் இறுகி உருவானது. அரிதாகப் பெய்யும் கனமழையின் வெள்ளம், மணலையும் கற்களையும் சுமந்து பாறை வெடிப்புகளில் பாய்ந்து அவற்றை ஆழப்படுத்துகிறது. சில இடுக்குகளில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். சுழலும் நீரும் கற்களும் தரையில் குடக்குழிகளைக் குடைகின்றன. வழுவழுப்பான சுவர் கொண்ட குழிகளிலிருந்து தனியாக ஏறுவது கடினம்.

இறங்கும் முறை

செங்குத்தான இடங்களில் மரம், பெரும்பாறை அல்லது பாறையில் அறையப்பட்ட ஆணி பிணைப்பிடமாகப் பயன்படுகிறது. பிணைப்பிலுள்ள வளையத்தில் கயிற்றை இரட்டையாகக் கோத்து, இடுப்புப் பட்டையில் மாட்டிய இறக்கியின் உராய்வால் வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குவர். பின்னர் ஒரு முனையை இழுத்துக் கயிற்றை உருவிக்கொள்வர். எனவே 20 மீட்டர் இறக்கத்திற்குக் குறைந்தது 40 மீட்டர் கயிறு தேவை. நனைந்த மணற்கல் வலுவிழக்கும். அதன் பிடிகளையும் பிணைப்புகளையும் முழுமையாக நம்ப இயலாது.

இடர்கள்

முதன்மையான இடர் காட்டாற்று வெள்ளம் ஆகும். தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் பெய்த மழை இடுக்கை நிரப்பிவிடும். மேற்கு மலைகளில் பெய்யும் மழையால் திருச்சுழி அருகே வறண்ட குண்டாற்றில் நீர் வருவதும் இதே இயல்பினால்தான். ஆனால் இடுக்கில் ஒதுங்கக் கரை இல்லை. 1997 ஆகத்து 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இவ்வாறு இறந்தனர். 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் பள்ளத்தாக்கில் எழுவர் இறந்தனர்.

புளூ ஜான் நிகழ்வு

2003 ஏப்ரல் 26 அன்று யூட்டாவின் புளூ ஜான் பள்ளத்தாக்கில் தனியே இறங்கிய ஏரன் ரால்ஸ்டனின் வலக்கை, நகர்ந்த பாறையொன்றின் கீழ் சிக்கியது. செல்லுமிடத்தை அவர் எவரிடமும் கூறவில்லை. மே 1 அன்று மழுங்கிய கத்தியால் முன்கையைத் துண்டித்து விடுபட்டார். அதன் பின்னும் ஒற்றைக் கையால் ஏறத்தாழ 20 மீட்டர் கயிற்றில் இறங்கி, பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. வழியில் மலைநடையினரைச் சந்தித்த பின், உலங்கு வானூர்தி அவரை மீட்டது. இந்நிகழ்வைச் சித்தரிக்கும் 127 அவர்ஸ் (2010) திரைப்படத்திற்கு ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார்.

வெளியேற்றம்

கடைசிக் கயிற்றிறக்கத்துடன் பயணம் முடிவதில்லை. உருண்ட பாறைகளையும் சரிவுகளையும் கடந்து மீண்டும் மேலேற வேண்டியிருக்கலாம். ஆகவே குடிநீர், பகல் வெளிச்சம், உடல்வலு ஆகியவற்றை இதற்கென மீதப்படுத்துவதும், திரும்பும் நேரத்தை ஒருவரிடம் தெரிவித்துச் செல்வதும் இன்றியமையாதவை.

இந்தியாவில்

மகாராட்டிர மாநிலத்தில் பண்டர்தரா அருகே, சாம்ரத் சிற்றூரை ஒட்டிய சாந்தண் பள்ளத்தாக்கு இத்தகைய இறக்கத்திற்கு அறியப்பட்டது. இது மணற்கல் அன்று. தக்காணத்தின் எரிமலைப் பாறையான பசால்ட்டால் ஆனது. முழுமையாகக் கடப்போர் கயிற்றில் இறங்கிக் கொங்கணப் பக்கமுள்ள தேஹனே சிற்றூரை அடைவர், அல்லது கரோலி மலைவழியாக மீண்டும் சாம்ரத்துக்கு ஏறுவர். பருவமழைக் காலத்தில் நீர் பெருகுவதால் இதனுள் இறங்குவது ஆபத்தானது.