இரைப்பு நோயும் மலையடிவார மூலிகைகளும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமத்தின் சுற்றுப்புறமும், அதன் வழியே செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும், சித்தர்கள் உறையும் மலை என்ற நெடுநாளைய நம்பிக்கையால் மூலிகைகளோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. பௌர்ணமிக்கு வந்து திரும்புவோரின் பையில் திருநீற்றோடு ஒரு மூலிகைப் பொடியும் இருப்பதில் வியப்பில்லை. அந்தப் பொடி இரைப்பு எனப்படும் ஆஸ்துமாவுக்கானதாக இருப்பின், அதைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி, அதாவது ஆறாத வீக்கம், நீடிப்பதால் குழாய் சுருங்கியும் சளி அடைத்தும் மூச்சுத் தடைப்படுவதே இந்நோய். சளியை இளக்குவது, சுருக்கத்தைத் தளர்த்துவது, அழற்சியைத் தணிப்பது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள் என்பதால், ஒரு மூலிகை இவற்றுள் எதைச் செய்கிறது என்று கேட்டே அதன் பயனை மதிப்பிட வேண்டும்.

வேலியோரங்களில் வளரும் ஆடாதோடையின் கசப்பு இலையைச் சாறாகவோ கஷாயமாகவோ தேனுடன் கொடுப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். அதன் வாசிசின் என்ற வேதிப்பொருளை 1888இல் பிரித்துக் காட்டியவர், உதகமண்டலத்தில் அரசுப் பணியிலிருந்த டேவிட் ஹூப்பர். அதை அடியொற்றி உருவான புரோம்ஹெக்சின், இன்று இருமல் மருந்துகள் பலவற்றில் சளியை இளக்கும் பொருளாகச் சேர்கிறது. வீட்டு வைத்தியம் நவீன மருந்துக்கு வழிகாட்டியது பெருமைக்குரியதே. எனினும் சளி இளகுவதால் அழற்சி தணிந்துவிடுவதில்லை. மேலும் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இரைப்புக்கு வீடுகளில் நாடும் இன்னொரு மூலிகையான, முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாக அரைக்கும் தூதுவளை, உணவின் அளவில் இருக்கும்வரை பெரிதும் அச்சமற்றது.

ஊமத்தையின் வரலாறு இவை எல்லாவற்றிலும் ஆழமான படிப்பினை தருவது. சிவபூசைக்கு உகந்த இச்செடியை உலர்த்திப் புகைத்தால் இரைப்பு தணியும் என்ற வழக்கத்தைச் சென்னையில் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆதரிக்க, ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பின்னர் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஊமத்தை இனச் செடிகளாலான ‘ஆஸ்துமா சிகரெட்’ நெடுங்காலம் விற்கப்பட்டது. இச்செடியிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது உண்மையே. அதே அட்ரோபின்தான் வாயை உலரவைத்து, கண்மணியை விரித்து, நாடியைப் படபடக்கச் செய்து, அளவு மீறினால் சித்தப்பிரமையிலும் மரணத்திலும் கொண்டுவிடுகிறது. இலைக்கும் விதைக்கும், ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நஞ்சின் அளவு வேறுபடுவதால் கைப்பிடிக் கணக்கு இங்கே செல்லாது. எளிதில் மூளைக்குள் புகாதவாறு அட்ரோபினை மாற்றியமைத்து, அளவிட்டு உள்ளிழுக்கும்படி செய்த இப்ராட்ரோபியம் இன்று மருத்துவமனைகளில் பயன்படுகிறது. ஊமத்தை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டப்படியே கட்டாயமானது.

இரைப்புக்கு நஞ்சறுப்பான் என்ற மூலிகையின் இலையை மென்று உண்ணும் முறையைத் தில்லியைச் சேர்ந்த சிவபுரி 1960களின் இறுதியில் ஆராய்ந்து நற்பயன் கண்டார். 1979இல் வெளியான வேறொரு ஆய்வில் அப்பயன் தென்படவில்லை. வாய்ப்புண்ணும் குமட்டலும் அதன் பக்கவிளைவுகள்.

மூலிகையைவிடப் பெரிய அபாயம் பெயரற்ற பொடிதான். உற்பத்தி உரிம எண்ணோ, சேர்பொருள் பட்டியலோ, காலாவதித் தேதியோ இல்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்படுவதுண்டு. உண்டவருக்கு ஓரிரு நாளில் மூச்சு சீராவதால் நம்பிக்கை பெருகும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உள்ளிழுக்கும் மருந்திலும் ஸ்டீராய்டு உண்டு என்றாலும் அது மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக்குழாயைச் சேர்ந்து அழற்சியைத் தணிக்கிறது. அதைக் கைவிட்டுப் பொடிக்கு மாறுமாறு எவர் சொன்னாலும் ஏற்கலாகாது. சித்த மருந்தை விரும்புவோர் பதிவு பெற்ற சித்த மருத்துவரை நாடி, அவரிடம் ஆங்கில மருந்தையும், நுரையீரல் மருத்துவரிடம் சித்த மருந்தையும் மறைக்காமல் கூற வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாத அளவுக்கு மூச்சு வாங்குதல், விலாவிடைத் தசை உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல் ஆகியன தோன்றினால் கஷாயம் வைக்கும் நேரமல்ல அது. நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108ஐ அழைக்க வேண்டும்.