இரத்தம் சுத்தமாகிறது, கடன் தீர்கிறதா?

தறி நின்றால் கூலி நிற்கும். இது வெண்ணந்தூர் நெசவாளிக்கும் ராசிபுரத்துப் பட்டுத்தறித் தோழருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். சிறுநீரகம் நின்றால்? உயிரே நிற்கும்!

இடுப்புக்குப் பின்னே, கைப்பிடி அளவில் இரண்டு உறுப்புகள். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை உடலுக்கே திருப்பித் தந்து, வேண்டாததை வெளியேற்றும் ஓயாத தொழிலாளிகள் அவை. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஓசையின்றி அவற்றை அரிக்கின்றன. அவை ஓய்ந்த பிறகு, இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடிகட்டி, உடலுக்குள் திரும்பச் செலுத்த வேண்டும். அதுதான் டயாலிசிஸ். வாரம் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு முறைக்கு மட்டும் நூறு லிட்டருக்கு மேல் தூய நீர் தேவை.

இந்த இயந்திரம் எந்த மாளிகையில் பிறந்தது தெரியுமா? 1943இல், இட்லரின் படை மிதித்துக்கொண்டிருந்த ஆலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், இறைச்சி அடைக்கும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றிச் செய்தது அது. தொடக்கத்தில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டனர். அவர் சோரவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். போர் முடிந்ததும், தாம் செய்த இயந்திரங்களை அயல்நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே தந்தார் கோல்ஃப். உயிர் காக்கும் கருவிக்கு விலை பேச அவர் மனம் ஒப்பவில்லை.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் நடந்தது என்ன? 1962இல் சியாட்டில் நகரில் இயந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர். யார் வாழலாம் என்று தீர்மானிக்க ஏழு பேர் குழு அமைந்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர்கூட அதில் இருந்தனர். வருமானம் என்ன, குடும்பம் எத்தகையது என்றெல்லாம் விசாரித்து உயிரை அளந்தனர்! இந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது எப்போது? 1972இல் சட்டம் இயற்றிச் செலவை அரசே ஏற்ற பிறகுதான். தருமவான்கள் தீர்க்காததைச் சட்டம் தீர்த்தது.

நம் நாட்டிலும் பாதை போடப்பட்டிருக்கிறது, மறைப்பானேன்? 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது.

ஆனால் தோழர்களே, சிகிச்சை இலவசம் என்றால் நோய் இலவசமாகிவிடுமா? வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி என்றால் மாதம் பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. கூடச் செல்லும் மனைவியின் கூலியும் போயிற்று. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு தனி. கணக்குப் பார்க்கும் ஏழை என்ன செய்வான்? மூன்றை இரண்டாக்குவான். உடல் வீங்கும், மூச்சு முட்டும், பிறகு வட்டிக்காரன் வாசல்! இதே ராசிபுரத்துக்கு அருகே போதமலையில், சாலையில்லாத குறையால் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய காலம் நெடியது. அங்குள்ளவனுக்கு வாரம் மூன்று முறை சிகிச்சை என்றால் அது ஏட்டுச் சுரைக்காய் அல்லவா?

கடனின் மறுமுனையைப் பாருங்கள். 2025 ஜூலையில் நம் மாவட்டத்துப் பள்ளிபாளையம் நாட்டையே திடுக்கிட வைத்தது. விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றார்கள், இடையே தரகர் புகுந்தார்கள் என்ற செய்தி! அரசு விசாரித்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிட்டது. உறுப்பு வாணிகம் குற்றம் என்று 1994லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. வட்டி வீட்டில் இருந்தது. வென்றது எது?

சிறுநீரகம் கெட்டதால் கடனாளியானவன் ஒரு பக்கம். கடனாளியானதால் சிறுநீரகத்தை இழந்தவன் மறுபக்கம். இருவரும் ஒரே தெருக்காரர்கள், ஒரே வர்க்கம்!

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. நோயாளி நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்ச் சேரும் தூரத்தில் இயந்திரம் வேண்டும். சிகிச்சை நாளுக்குக் கூலி ஈடு வேண்டும். கந்துவட்டிக்குக் கடிவாளம் வேண்டும். இறந்தோர் உறுப்பைத் தானம் செய்யும் வழக்கம் வளர வேண்டும். அது வளர வளரத் தரகன் கடை சாயும்.

கேட்பதோடு நில்லாமல் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கிளைத் தோழர்கள் தறிப்பட்டறைதோறும், ஜவ்வரிசி ஆலைதோறும் செல்லுங்கள். நாற்பது வயதைக் கடந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சிறுநீரையும் சோதிக்கச் செய்யுங்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கத்தைத் தடுங்கள். கடனில் தவிப்பவன் வீட்டுக் கதவைத் தரகன் தட்டுமுன் நீங்கள் தட்டுங்கள்.

பாவு அறுந்தால் உடனே முடிச்சுப் போடுகிறோம். மனிதன் அறுந்து விழும்வரை காத்திருக்கலாமா?