தீர்ப்பெழுதப் போகின்றவர் எழுதும் கட்டுரை

சட்டப் படிப்பிலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்து, சட்டக் கோவைகளையும் பழைய தீர்ப்புகளையும் இரவு பகலாக உருப்போட்டு, நீதிபதிப் பதவிக்கான போட்டிப் பரீட்சை மண்டபத்திலே ஒருவர் அமர்ந்திருக்கின்றார். சிவில் சட்டமும் குற்றவியற் சட்டமும் ஒருவாறு நிறைவேறிவிட்டன. அடுத்து வருவது கட்டுரை. வினாத்தாளிலே ஒரு வரித் தலைப்பு. மேசையிலே வெள்ளைத் தாள்கள். கையிலே இரண்டு மணி நேரம். மனனஞ் செய்த பிரிவுகளுள் எதுவும் இப்பொழுது துணைக்கு வருவதாகத் தோன்றவில்லை. சட்டத்திலே கைதேர்ந்த பலர் திகைத்து நிற்கும் இடம் இதுவே.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலப் பரீட்சையை உதாரணமாகக் கொள்வோம். ஜோத்பூரிலுள்ள உயர் நீதிமன்றமே அதனை நடத்துகின்றது. (அங்கே உயர் நீதிமன்றமென்பது மாநிலத்துக்கு மாத்திரம் மேலானது, நாடு முழுவதற்கும் மேலானதை உச்ச நீதிமன்றமென்பர். நமது நாட்டு வழக்கோடு மயங்கற்க.) எழுத்துப் பரீட்சையிலே சட்டத்துக்கு இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. ஹிந்திக் கட்டுரைக்கு 50, ஆங்கிலக் கட்டுரைக்கு 50, நேர்முகத்துக்கு 35. ஆக மொத்தம் 335 புள்ளிகளுள் 100 புள்ளி கட்டுரைக்கே உரியது. ஒரு முழுச் சட்ட வினாத்தாளுக்குச் சமமான நிறை அது.

நீதிபதிக்குக் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். மொழியழகைச் சோதிப்பதற்கென்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அவ்வெண்ணத்தால் பெரியோர் வாக்குகளைப் பட்டியலிட்டு மனனஞ் செய்கின்றனர். எத்தலைப்புக்கும் பொருந்துமாறு ஒரு தொடக்கப் பந்தியை முன்னரே ஆக்கி வைத்துக்கொள்கின்றனர். இது வீண் உழைப்பென்பது நமது துணிபு. நீதிபதியின் அன்றாடத் தொழிலே எழுத்துத்தான். அவ்வெழுத்து எவ்வாறு இருக்க வேண்டுமென்பதைச் சட்டமே சொல்லியிருக்கின்றது. இந்தியாவின் சிவில் நடைமுறைச் சட்டக் கோவையில் 20 ஆம் கட்டளையின் 4 ஆம் விதியைப் பாருங்கள். வழக்கின் சுருக்கம், தீர்மானிக்கப்பட வேண்டிய விடயங்கள், அவற்றின்மீதான தீர்மானம், அத்தீர்மானத்துக்கான காரணங்கள் ஆகிய நான்கும் தீர்ப்பிலே இருத்தல் வேண்டும். நமது நாட்டுச் சிவில் நடைமுறைச் சட்டக் கோவையின் 187 ஆம் பிரிவும் இதே நான்கையுமே கேட்கின்றது. நல்ல கட்டுரைக்கு வேண்டியவையும் இவையே.

ஒரு தலைப்பை எடுத்து இதனைச் சோதித்துப் பார்ப்போம். ‘நீதி வழங்கலில் தாமதம்’ என்பது தலைப்பென்று கொள்ளுங்கள். இத்தகைய பரீட்சைகளுக்கு மிகவும் பழகிய பொருள். சாதாரணப் பரீட்சார்த்தி எவ்வாறு எழுதுவார்? தாமதித்த நீதி மறுக்கப்பட்ட நீதி என்னும் ஆங்கிலப் பழமொழியோடு தொடங்குவார். பின்னர் ஜஹாங்கீர் ஆக்ராக் கோட்டையிலே கட்டுவித்த மணிச் சங்கிலி வரும். தமிழரெனின் மனுநீதிச் சோழனும் பசுவும் வந்தே தீரும். தேங்கிய வழக்குகள் நான்கு கோடிக்கு மேல் என்ற தொகை அடுத்து வரும். இறுதியாக, அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும், நீதிபதிகள் விரைய வேண்டும், வழக்கறிஞர் ஒத்துழைக்க வேண்டும், பொதுமக்கள் விழிப்படைய வேண்டும் என முடியும். பிழையொன்றும் இல்லை. ஆயினும் இவர் எதைத் தீர்மானித்தார் என்று கேட்டால் விடை இல்லை.

எங்கே தவறினார்? தாமதம் தீதென்பதை யாரும் மறுக்கவில்லை. எதிராளி இல்லாத வழக்கொன்றை இவர் இரண்டு மணி நேரம் வாதாடியிருக்கின்றார். பிணக்கு எங்கே இருக்கின்றதென்று முதலிற் காண வேண்டும். உதாரணமாக, வழக்கை இத்தனை ஆண்டுக்குள் முடித்தே ஆக வேண்டுமெனக் காலவரையறை விதிக்கலாமா, கூடாதா என்று கேட்டால், இரு பக்கத்தாரும் எழுந்து நிற்பர். அப்பொழுது கட்டுரைக்கு உயிர் வந்துவிடுகின்றது.

ஒரு பக்கத்துக்கு ஹுசைனாரா காத்தூன் வழக்குப் போதும். 1979 இலே பீஹார்ச் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையொன்றில் வந்த செய்தியைப் படித்த பெண் வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். விசாரணை முடியாமலே வருடக் கணக்காகச் சிறையிருந்தோர் பலர் அங்கே இருந்தனர். குற்றவாளியென்று தீர்க்கப்பட்டால் எவ்வளவு காலத் தண்டனை கிடைக்குமோ, அதனினும் நெடுங்காலம் தீர்ப்பின்றியே கிடந்தவர்களும் அவர்களுள் உண்டு. விரைவான விசாரணை, உயிரையும் தனியாள் சுதந்திரத்தையும் காக்கும் 21 ஆம் உறுப்புரையுள் அடங்கிய உரிமையென்று நீதியரசர் பகவதி தீர்ப்புரைத்தார். இந்த வழக்கை நான்கு வாக்கியங்களிலே தெளிவாகச் சொல்லிவிட்டால், பழமொழியும் மணிச் சங்கிலியும் தேவைப்படா.

மறுபக்கத்தையும் அதே மரியாதையோடு கேட்டல் வேண்டும். விரைவும் கொல்லும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரணையின்றியே கோவலனைக் கொல்வித்தான். அங்கே தாமதம் சிறிதும் இல்லை. தமிழிலே எழுதுபவர்க்கு இது நல்ல சான்று. ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். சட்டச் சான்று வேண்டுமாயின், உச்ச நீதிமன்றம் 1996 இல் ‘காமன் காஸ்’ வழக்கிலே சில குற்ற வழக்குகளுக்குக் காலவரையறை விதித்தது. 2002 இல் ராமச்சந்திர ராவ் வழக்கை விசாரித்த ஏழு நீதியரசர்கள், அவ்வாறு பொது எல்லை வகுத்தல் பொருந்தாது என அதனை நீக்கினர். அந்தந்த வழக்கின் தன்மையையும் தாமதத்துக்குக் காரணர் யாவர் என்பதையும் நோக்கியே முடிவு செய்ய வேண்டுமென்பது அவர்கள் கருத்து. ஒரே நீதிமன்றம் ஆறு ஆண்டுகளுக்குள் இரு பக்கமும் நின்ற விடயமிது. பரீட்சார்த்திக்கு இதனினும் நல்ல களம் வேறு யாது?

இனித் தீர்மானம். இங்கேதான் பலர் நழுவிவிடுகின்றனர். இருபுறமும் நியாயம் உண்டு, நடுவழியே சிறந்தது என்று எழுதிக் கையைக் கழுவிக்கொள்வர். நடுநிலைமை வேறு, முடிவு சொல்ல அஞ்சுதல் வேறு. வழக்காளியையும் எதிராளியையும் பார்த்து இருவரும் நல்லவர்களே என்று சொல்லிவிட்டு எழுந்து போகின்ற நீதிபதியை என்னென்பது? எந்த முடிவாயினும் ஒன்றைக் கூறியே தீர வேண்டும். நாம் எழுதுவதாயின், வழக்கு முழுவதற்கும் எல்லை வேண்டாம், தவணைக்கு எல்லை வேண்டும் என்ற பக்கமே நிற்போம். காரணம் உண்டு. 2002 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி சிவில் வழக்கிலே ஒரு திறத்தார்க்கு விசாரணையின்போது மூன்று தவணைக்கு மேல் வழங்கலாகாது. ஆயினும் தவிர்க்க முடியாத நிலைமைகளிலே மேலும் வழங்கலாமென 2005 இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. விதியும் இருக்கின்றது, நியாயமான விலக்கும் இருக்கின்றது. எஞ்சியிருப்பது, ‘இன்று இல்லை’ என்று வழக்கறிஞரிடம் சொல்லும் மனத்திடம். அது ஆசனத்திலே இருப்பவரின் கையிலுள்ளது. இம்முடிவை மறுத்து எழுதும் பரீட்சார்த்திக்கும் முழுப் புள்ளி வழங்கலாம், அவர் காரணங் காட்டுவாராயின்.

புள்ளிவிவரங்களைப் பற்றி ஒரு சொல். தொகைகளை அடுக்குவதாற் கட்டுரை கனம் பெறாது. பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் இருத்தல் வேண்டுமென 2002 இலே உச்ச நீதிமன்றம் பணித்தது. இன்றும் அதன் பாதியைக்கூட எட்டவில்லை. நீதிபதிகளின் பற்றாக்குறையே தாமதத்தின் வேர் என்று வாதிப்பவர்க்கு இந்த ஒன்றே போதும். ஐயமுள்ள தொகையை எழுதுவதிலும் எழுதாதிருத்தல் நன்று. நீதிபதியாக வர விரும்புகின்றவர் பொய்ச் சான்றோடு தொடங்கலாமா?

தொகையினும் பெறுமதி வாய்ந்தது கண்ணாற் கண்டது. 2025 மே 20 ஆந் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. ஆரம்ப நிலைச் சிவில் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பிப்போர் மூன்று ஆண்டுகளேனும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்திருத்தல் வேண்டுமென்பது அதன் சாரம். 1993 இல் இருந்து வந்த நிபந்தனை 2002 இல் நீக்கப்பட்டு, மீண்டும் உயிர் பெற்றிருக்கின்றது. ஏழை எளிய குடும்பத்துப் பிள்ளைகள் வருவாயின்றி மூன்று ஆண்டுகளை எவ்வாறு ஓட்டுவர் என்ற கவலை நமக்கும் உண்டு. பெற்றோர் இதனை எண்ணாதிருக்க முடியாது. ஆயினும் கட்டுரைக்கு அந்த ஆண்டுகள் நல்ல முதல். கூலி வேலையை விட்டு, பஸ் ஏறி வந்து, மாலை வரை வாசலிலே காத்திருந்து, தவணை போடப்பட்டதென்று திரும்பிப் போகும் சாட்சியை அவர் பார்த்திருப்பார். அந்த ஒரு மனிதனைப் பற்றி ஐந்து வரி எழுதினால், நான்கு கோடியென்ற தொகைக்கு முகம் உண்டாகும். காணிப் பிரிவினை வழக்குகள் தந்தையிலிருந்து மகனுக்கு முதுசமாக இறங்குவதைக் கண்ட நமது வாசகர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நடையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வாக்கியம் சிறிதாக இருக்கட்டும். சட்டத்தின் இலத்தீன் தொடர்களைத் தூவாதிருக்கட்டும். எதிர்க்கட்சிக் கருத்தை இகழாதிருக்கட்டும். தோற்றவனும் தான் ஏன் தோற்றான் என்பதைப் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய எழுத்தே நீதிபதிக்குத் தகும். இரண்டு மணி நேரத்திலே முதல் அரை மணியை எழுதாமல் எண்ணுவதற்கே ஒதுக்குவது நன்று. சுற்றியிருப்போரின் பேனாக்கள் ஓடுகின்ற ஓசையைக் கேட்டுக்கொண்டு அவ்வாறு இருப்பது கடினந்தான்.

எல்லா மாநிலங்களிலும் பரீட்சை ஒரே தன்மைத்தன்று. தமிழ்நாட்டிலே மொழிபெயர்ப்புக்கெனத் தனி வினாத்தாள் உண்டு. சாட்சியின் வாக்குமூலத்தையும் பத்திரங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்க்க வேண்டும். சட்ட வினாத்தாள்களிலோ வழக்கின் விபரங்களைக் கொடுத்து, எழுவினாக்களை வகுத்துத் தீர்ப்பையே எழுதச் சொல்லுகின்றார்கள். அங்கே கட்டுரைக்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள திரை விலகிவிடுகின்றது. ஆதலின் ராஜஸ்தானுக்கு ஆயத்தஞ் செய்பவரும் வாரம் ஒரு முறை தமிழ்நாட்டு வினாத்தாளொன்றை எடுத்துத் தீர்ப்பெழுதிப் பழகுவாராயின் பெரும் பயன் பெறுவர்.

பழகும்பொழுது வீட்டிலுள்ளவர்களும் உதவலாம். இதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதி முடித்த கட்டுரையைப் பிள்ளை உரத்துப் படிக்கட்டும். தாயாரோ, பேரனாரோ, சந்தைக்குப் போய் வந்து திண்ணையிலே களைப்பாறுகின்ற மாமாவோ கேட்டுக்கொண்டிருக்கட்டும். படித்து முடிந்ததும், “நான் என்ன முடிவு சொன்னேன்? ஏன் சொன்னேன்?” என்ற இரண்டு கேள்விகளை மாத்திரம் அவர்களிடம் கேட்க வேண்டும். முதற் கேள்விக்கு விடை வராவிட்டால் இறுதிப் பந்தியை மாற்றி எழுதுக. இரண்டாவதற்கு வராவிட்டால் முழுவதையும்.