புதுச் செயின் ஏன் தாவுகிறது?

புதுச் செயின் போட்டும் பாலம் ஏறும்போது ‘கடக்’ என்று தாவுகிறதாம். முன் பல்சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார் சைக்கிள் கடைக்காரர், அது அவசியமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பற்கள் அரிவாள் மூக்கு மாதிரி ஒருபக்கமாக வளைந்திருந்தால் அவசியம்தான். பின்னாலிருக்கும் ஃப்ரீவீலையும் பாருங்கள். பல் குறைவான அதுதான் முதலில் தேயும்.

செயின் நீளும், ஆனால் அதிலுள்ள எந்த இரும்புத் துண்டும் நீளுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இது. பின்னுக்குப் பின் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஒவ்வொரு பின்னும் தன்னைச் சுற்றியுள்ள புஷ்ஷில் உரசித் தேய்கிறது. கண்ணிக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு போனால் போதும், நூறு கண்ணி சேரும்போது ஒரு முழுக் கண்ணியளவு நீளம் கூடிவிடும். இந்தப் புஷ்ஷே 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு கொண்டுவந்தது. அதற்குமுன் தகட்டின் மெல்லிய விளிம்புதான் பின்னில் உரசிக்கொண்டிருந்தது.

நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி நிற்கும். பல்லும் அதற்குத் தோதாகத் தேய்ந்துகொடுக்கும். அந்தப் பல்லில் சரியான அளவுள்ள புதுச் செயின் பொருந்தாது.

விலை குறைந்த சைக்கிளில் பல்சக்கரம் பெரும்பாலும் வலது கிராங்கோடு சேர்ந்தே வரும். செட்டாகத்தான் வாங்க வேண்டும், பல் எண்ணிக்கை பழையதைப் போலவே. கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைக் கழற்றும்போதுதான் அநியாயம் நடக்கிறது. கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் போடுகிறார்கள். அடி நேராக உள்ளே போய், பால்ஸ் ஓடும் கப்பில் பள்ளம் விழுகிறது. புதுச் செயினை மாட்டும்போது, இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எங்காவது தட்டிக் கழன்றுவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள்கள் மழையில் நின்று செயின் துருவேறிக் கிடப்பதைப் பார்க்கிறேன். துணியால் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விட யாருக்கும் நேரமில்லை. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க, ஓர் அடி ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். இருபத்துநான்கு கண்ணி தாண்டிய பின் சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பல்சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள்.