ஸ்ட்ரெப்டோகாக்கசு தொண்டைத் தொற்றும் காவி நிலையும்

காவி நிலை என்பது நோயை உண்டாக்காமல் ஒரு கிருமி உடலில் தங்கியிருப்பதாகும். ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கசு பாக்டீரியா 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவர்களிடம் தொண்டை அழற்சியை மிகுதியாக உண்டாக்குகிறது. எனினும், நலமாக உள்ள சிறுவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரின் தொண்டையில் இது நோயின்றியே காணப்படுகிறது.

இத்தகைய சிறுவருக்கு வைரசால் தொண்டை வலி வந்தாலும், தொண்டை மாதிரிச் சோதனை இக்கிருமியைக் காட்டும். சோதனை கிருமியின் இருப்பை உணர்த்துமே தவிர, வலிக்கு அதுவே காரணம் என்று உறுதிப்படுத்தாது. ஆகவே முதலில் அறிகுறிகளே கவனிக்கப்படுகின்றன.

திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது வலி, டான்சிலில் சீழ், கழுத்தின் முன்புறம் வலியுடன் நெறிகட்டுதல் ஆகியவை பாக்டீரியத் தொற்றைச் சுட்டும். இருமல், மூக்கொழுகல், குரல் கம்முதல் ஆகியவை வைரசைச் சுட்டும். இவை தெளிவாக இருந்தால் பொதுவாகச் சோதனை தேவைப்படாது.

உண்மையான தொற்றுக்குப் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் வழக்கமாக 10 நாட்கள் தரப்படுகிறது. சிகிச்சை பெறாவிடில் சிலருக்கு வாதக் காய்ச்சல் ஏற்பட்டு இதய வால்வுகள் பழுதடையலாம். காவி நிலையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. பிறருக்குப் பரவுவதும் அரிது. எனவே, குடும்பத்தில் வாதக் காய்ச்சல் இருந்தமை போன்ற சூழல்கள் தவிர, அதற்கு மருந்து தேவையில்லை.