மீனுக்கு ஆர்.ஓ. தண்ணீர் போதுமா?

எங்கள் வேளச்சேரி வீட்டு போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ். 1200. ஆர்.ஓ. இயந்திரத்தில் வருவது 50. நாம் குடிப்பதையே மீனுக்கும் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் அதை மட்டும் கொடுக்கக் கூடாது. ஆர்.ஓ. சவ்வு உப்போடு கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அமிலம் ஏறாமல் தாங்கிப் பிடிப்பது பைகார்பனேட்தான். அது இல்லாத தொட்டியில் மீன் கழிவால் பி.எச். திடீரென்று சரியும்.

நான் மூன்று பங்கு ஆர்.ஓ.வும் ஒரு பங்கு போர்வெல்லும் கலக்கிறேன். டி.டி.எஸ். 340 பக்கம் நிற்கும். டெட்ராவுக்கு இதுவே சற்று அதிகம். கப்பி, மோலிக்கோ கடினநீர்தான் பிடிக்கும், ஆர்.ஓ.வே வேண்டாம். (இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைத் தொட்டியில் ஊற்றும் சிக்கனம் ஆகாது, உப்பெல்லாம் அதில்தான்.)

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக வாளியில் திறந்து வைத்து, ஏர் பம்பை ஒருநாள் ஓடவிடுங்கள். அவசரமென்றால் குளோரின் நீக்கும் மருந்து. தண்ணீரைக் கால்வாசிக்கு மேல் ஒரேயடியாக மாற்றாதீர்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.